எந்தப் பாடம் எடுப்பது?

தமிழ்நாட்டில் படித்த குடும்பங்களுக்கு வருஷத்தில் ஒரு மாதம் சோதனை மாதம். பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகும் மே மாதத்தைத்தான் சொல்லுகிறோம். பெண்ணுக்கு வரன் தேடும்போதாவது ஜாதகம், குடும்பம், குணம், சம்பளம் என்று பார்ப்பதற்கு நாலைந்து விஷயங்கள் உண்டு. பதினைந்து வயதுக் குழந்தைக்குப் பிளஸ் ஒன்னில் எந்தப் பாடம் எடுப்பது என்று தீர்மானிக்கும்போதோ பார்ப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மார்க்கு. ஐந்நூற்றுக்கு நானூற்றைம்பதைத் தாண்டினால் முதல் குரூப். சற்றுக் குறைந்தால் அடுத்தது. இன்னும் குறைந்தால் வணிகவியல். எல்லாவற்றிலும் குறைந்தால் தொழிற் பிரிவு. குழந்தையின் கை எதில் ஓடுகிறது, கண் எதன்மேல் நிற்கிறது, காது எதைக் கேட்க விரும்புகிறது என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே அநேகமாக இல்லை.

இந்த நிலைமையில், சித்திரம், புகைப்படம், ஒலிப்பதிவு, அச்சுக்கலை, பத்திரிகைத் தொழில், திரைப்படம், வடிவமைப்பு ஆகியவற்றையும் பள்ளிக்கூடத்துப் பாடங்களாக்கி, மாணவர்கள் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளும்படி விரிவாக்க வேண்டும் என்று ஒருவர் பிரஸ்தாபித்தால் என்ன ஆகும்? "பிள்ளை படிக்கப் போகிறானா, வேடிக்கை பார்க்கப் போகிறானா?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர்; பிள்ளையின் எதிர்காலத்தில் அக்கறை உள்ளவர்கள்தான். ஆகையால் அவர்களுடைய கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டியது அவசியம்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் வாசலில் வந்து விழும் பத்திரிகையிலிருந்து ஆரம்பிப்போம். அதிலுள்ள செய்தியை ஒருவர் எழுதினார். படத்தை ஒருவர் எடுத்தார். பக்கத்தை ஒருவர் அமைத்தார். நாலு வர்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி ஒருவர் அச்சிட்டார். அடுப்பங்கரைக்குப் போனால் காப்பிப் பொடிப் பொட்டலத்தின்மேல் ஒரு சித்திரம். சுவரில் சிவகாசியில் அச்சான காலண்டர். கூடத்தில் தொலைக்காட்சி. ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி. அதில் ஓயாமல் ஓடும் படங்கள். தெருவில் இறங்கினால் கல்யாண பானர், கடைப் பலகை, தேர்தல் சுவரொட்டி. இவை அத்தனையும் யாரோ ஒருவருடைய கைவேலை. ஒரு நாளில் நாம் கணிதப் புஸ்தகத்தைப் புரட்டும் நேரத்தைக் காட்டிலும் இந்தக் கைவேலைகளைப் பார்க்கிற நேரமும் கேட்கிற நேரமும் பன்மடங்கு அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

இந்த வேலைகளையெல்லாம் செய்பவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள்? பெரும்பாலோர் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. யாரோ ஒரு மேஸ்திரியின் பக்கத்தில், காமிராக்காரரின் பின்னால், அச்சுக்கூடத்து மூலையில், எடுபிடி வேலை செய்துகொண்டு வருஷக்கணக்கில் நின்று, கண்ணால் பார்த்துக் கற்றவர்கள். தென்னாட்டில் முதல் மௌனப் படத்தை எடுத்த நடராஜ முதலியார் அப்படிக் கற்றவரே. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த அவர், புனாவுக்குச் சென்று ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் காமிராக்காரரிடம் தொழிலைத் தெரிந்துகொண்டு வந்தார். அவருடைய ஊக்கத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் எல்லோராலும் புனாவுக்குப் போக முடியுமா? எல்லோருக்கும் ஒரு ஸ்மித் கிடைப்பாரா? பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காத தொழில், தெரிந்தவர் உள்ளவனுக்கும் லட்ச லட்சமாகக் கட்டணம் கொடுக்கக் கூடியவனுக்கும் மட்டுமே உரியதாகிறது. மற்றவன் வாசலில் நிற்கிறான்.

இது புதுமையான யோசனையும் அன்று. சென்னை நகரம் இதை 1850-ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டது. அலெக்ஸாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் பிராட்வே பக்கத்தில் தம் சொந்த முயற்சியால் ஒரு சித்திரப் பள்ளியை ஆரம்பித்தார். மறு வருஷமே அதனுடன் கைத்தொழில் வகுப்பையும் சேர்த்தார். சில வருஷங்களில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. புகைப்படம் என்ற அதிசயம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 1856-இல் சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் தோன்றியது. அதிலும் ஹண்டருக்கு முக்கியமான பங்கு இருந்தது. அதாவது, அக்காலத்தின் 'மீடியா'வை அக்காலத்துச் சென்னை பதினேழே வருஷங்களுக்குள் கைக்கொண்டுவிட்டது!

அந்தக் கலைப் பள்ளியின் பட்டறையிலிருந்து நம் வீட்டு அடுப்பங்கரைக்கே ஒரு சாமான் வந்து சேர்ந்த கதையை நம் தாய்மார்கள் அவசியம் அறிய வேண்டும். சென்னை எஞ்சினீயரிங் கலாசாலையில் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1898-ஆம் ஆண்டை ஒட்டி, அப்பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் துவக்கினார். பித்தளையிலும் செம்பிலும் பழகிய கைகளுக்கு இந்தப் புது உலோகத்தைப் பழக்கினார். சில வருஷங்களில் அந்தத் தொழில் ஒரு தனியார் கம்பெனியின் கைக்கு மாறி வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தைச் சேர்த்தால் நாட்டுக்கு ஒரு தொழில் சேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பத்திரிகை வாசகர்களுக்கு இன்னும் நெருங்கிய சாட்சிகளும் உண்டு. கோயில் சிற்பங்களைக் கோடுகளால் நம் வீட்டுக்குள் கொண்டுவந்த 'சில்பி' அந்தச் சென்னைக் கலைப் பள்ளியின் மாணவர். பல தலைமுறைகளைச் சிரிக்க வைத்த 'கோபுலு' கும்பகோணம் சித்திரப் பள்ளியின் மாணவர். பிற்காலத்தில் விளம்பரத் துறையிலும் பெயர் பெற்றார். கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி, 1929 முதல் சென்னைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் பாடமாகக் கற்பிக்கும் வகுப்புகள் சென்னையில் அரசாங்கத் தொழிற்கல்விக் கூடத்தில் 1945-இல் ஆரம்பமாயின. தமிழ் பேசும் படம் பிறந்து அப்போது பதினாலு வருஷந்தான் ஆகியிருந்தது. இன்று தரமணியில் இருக்கும் எம். ஜி. ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு அதுவே வித்து. புனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோவின் வளாகத்தில் 1960-இல் திரைப்படப் பள்ளி தோன்றியது. சார்லஸ் ஈம்ஸ் தம்பதிகள் 1958-இல் கொடுத்த அறிக்கையை அடியொற்றி, 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உண்டாயிற்று. இசைக்கும் கவின் கலைகளுக்கும் தமிழ்நாட்டில் 2013-இல் ஒரு சர்வகலாசாலையே ஏற்பட்டது.

ஆகவே, உயரத்தில் மாடிகள் இருக்கின்றன. ஆனால் கீழேயிருந்து ஏறிப்போகப் படிக்கட்டு எங்கே? மேற்சொன்ன கலாசாலைகள் எல்லாம் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு சேரும் இடங்கள். பள்ளியிலோ, சித்திர உபாத்தியாயர் இருக்கும் இடங்களில்கூட, பரீட்சை நெருங்கினால் அவருடைய வகுப்பைக் கணித உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்ளுகிறார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மேல் வகுப்புகளுக்குப் போனதும் சித்திரம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடியோடு நின்றுபோகிறது.

இதன் பலன் என்னவென்பதை நமக்குத் தெரிந்த இரண்டு குழந்தைகளைக் கொண்டு சொல்லுகிறோம்.

முதலாவது, நம்முடைய தமக்கையின் மகள். அவளுக்குப் பதினாலு வயதாயிருந்தபோது, பாட்டி பாடும் நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் செல்பேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். கூடத்தில் பதிவு செய்தபோது மின்விசிறியின் இரைச்சல் பாட்டியின் குரலை விழுங்கிவிட்டது. விசிறியை நிறுத்தினாள், அப்போதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. சமையலறையில் வைத்துப் பார்த்தாள்; இன்னும் மோசம். கடைசியில் மெத்தைகளும் போர்வைகளும் அடுக்கியிருக்கும் உள்ளறையில் பாட்டியை உட்கார வைத்தாள். குரல் மணிபோல் வந்துவிட்டது!

"மாமா! கூடத்தில் வராத குரல் மெத்தை அறையில் மட்டும் எப்படி வருகிறது?" என்று நம்மிடம் ஓடிவந்து கேட்டாள்.

வெறும் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. பஞ்சும் துணியும் அதை உட்கொண்டுவிடுகின்றன. பௌதிக சாஸ்திரத்தில் இது ஒரு சின்னப் பாடம். அவளுடைய பள்ளிப் புஸ்தகத்திலும் ஒலியைப் பற்றிய அத்தியாயம் இருந்தது. அதை அவள் நெட்டுருப் போட்டு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். ஆனால் அந்த அத்தியாயமும் இந்த மெத்தை அறையும் ஒரே விஷயந்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பள்ளியில் ஓர் இடமும் இல்லை.

பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபதுக்கு மேல் வாங்கினாள். ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்றாள். அத்தான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இவ்வளவு மார்க்கு வாங்கிவிட்டு மைக்செட் போடப் போகிறாயா?" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நம் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் அவர்களுடன் நாமும் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். மார்க்குப் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும், "முதல் குரூப்பில் போடுங்கள் ஸார். மற்ற ஆசையெல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். தொழிற் பிரிவு இருக்கிறது, அது வேறு பிள்ளைகளுக்கு" என்றார். அந்த 'வேறு பிள்ளைகள்' என்ற வார்த்தை நம் மனத்தில் தங்கிவிட்டது. சரி, கணிதமும் பௌதிகமும் எடுத்துக்கொண்டு அவற்றோடு கைத்தொழில் பாடம் ஒன்றையும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று கேட்டோம். அங்கே அப்படி வழியில்லை என்று சொல்லிவிட்டார். அவள் முதல் குரூப்பில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தெருவில் கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் ஓர் இளைஞரிடம் போய் உட்கார்ந்து தனக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டாள். பாட்டி இப்போது இல்லை. மெத்தை அறையில் பதிவான பதினொரு பாட்டுகள் இருக்கின்றன.

இரண்டாவது குழந்தை, நம் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருடைய மகன். அவன் சுவர் விளம்பரங்களின் எதிரில் நின்று எழுத்துக்களைப் பார்ப்பான். 'ழ'கரத்தின் வால் ஒரு கடைப் பலகையில் தடித்தும் மற்றொன்றில் மெலிந்தும் இருப்பதை நமக்குச் சுட்டிக் காட்டியவன் அவன்தான். கரிக்கட்டியால் அவன் எழுதிய எழுத்து அச்சுப்போல் இருக்கும். அவனுக்கு மார்க்கு வரவில்லை. ஆகவே அவனைத் தொழிற் பிரிவில் இயந்திர வேலைக்குப் போட்டார்கள். தொழிற் பிரிவுதானே, கைவேலைதானே, எல்லாம் ஒன்றுதானே என்பது அவர்களுடைய எண்ணம். இயந்திரத்தில் அவனுக்கு ருசி இல்லை. ஒரு வருஷத்துக்குள் பள்ளியை விட்டுவிட்டு, பானர் அச்சிடும் கடையில் தினக்கூலிக்குச் சேர்ந்தான். கவின் கலைக் கல்லூரி என்று ஒன்று இருப்பதை நாம்தான் அவனுக்குச் சொன்னோம். "பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கணுமாமே, ஐயா?" என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எழுத்துக்களை நகர்த்தும் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

மார்க்கு இருந்ததால் ஒருத்திக்குத் தான் விரும்பிய பட்டறை கிடைக்கவில்லை. மார்க்கு இல்லாததால் ஒருவன் விரும்பாத பட்டறைக்குள் தள்ளப்பட்டான். இருவருக்கும் இழைக்கப்பட்ட தீங்கு ஒன்றே. தொழிற்கல்வியை ஒரு பாடமாகக் கருதாமல் ஒரு தண்டனையாகக் கருதும் வரையில் இந்தத் தீங்கு நீங்காது.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் எழுகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமன்று. தமிழ்நாட்டில் 'தொழிற்கல்வி' என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குச் சந்தேகம் உண்டாகிறது; அதற்குக் காரணமும் உண்டு. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை கிராமாந்தர ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலையோ ஊர்த் தொழிலையோ பழக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகப்பன் தொழிலில் மகனைக் கட்டிப்போடும் குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராஜ் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டிருந்த குடும்பங்கள், கிடைத்த படிப்பைப் பாதியாக்க ஏன் சம்மதிக்க வேண்டும்? அந்தக் கோபத்தின் நியாயத்தை இன்றும் மறந்துவிடலாகாது.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாட்டில் சொன்னது, ஒரு கைத்தொழிலின் மூலமாகவே மற்றக் கல்வியையும் புகட்ட வேண்டும் என்பது. கைத்தொழில் வழியாகக் கல்வி புகட்டுவது ஒன்று. பிறப்பைப் பார்த்துக் கைத்தொழிலை விதிப்பது வேறொன்று. மார்க்கைப் பார்த்து விதிப்பதும் இரண்டாவது வகையைச் சேர்ந்ததே என்பது நம் அபிப்பிராயம். குறைந்த மார்க்கு வாங்கும் குழந்தைகள் எந்த வீடுகளிலிருந்து அதிகமாக வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆகையால், நாம் கேட்பது தெரிந்தெடுக்கும் உரிமையின் விரிவு. டாக்டர் வீட்டுப் பெண் ஒலிப்பதிவு எடுக்கலாம்; இஸ்திரி வண்டிக்காரர் மகன் எழுத்துக்கலையும் எடுக்கலாம், பௌதிகமும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் சர்வகலாசாலையின் கதவு யாருக்கும் அடைபடக் கூடாது. இந்த நிபந்தனை இல்லாத விரிவு நமக்கு வேண்டாம்.

மற்றோர் ஆட்சேபம்: "எல்லோரும் காமிரா பிடித்தால் சோறு கிடைக்குமா?" கிடைக்காது. கணிதம் படித்தவர்கள் எல்லோரும் கணித மேதையாகவில்லை; அதற்காகக் கணிதத்தை நிறுத்திவிடவில்லை. படம் எடுக்கக் கற்றவனுக்கு வெளிச்சம் பிடிபடுகிறது: விளக்கை இரு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது என்பது கையால் செய்தவனுக்கு மறக்காது. படத்தை வெட்டி ஒட்டக் கற்றவனுக்கு இன்னொன்றும் பிடிபடுகிறது: ஒருவர் சொன்ன வாக்கியத்தின் நடுவில் எங்கே கத்தரி விழுந்தது என்று தெரிகிறது. பொய்ப் படமும் பொய்க் குரலும் வீட்டுக்குள் புகுந்து, பெரியவர்களையே ஏமாற்றிப் பணம் பறிக்கும் இந்நாளில், இது எந்த உத்தியோகத்துக்குப் போகிறவனுக்கும் வேண்டிய அறிவு.

இப்போது இயந்திரமே சித்திரம் எழுதுகிறதே, குழந்தைகள் எதற்குக் கற்க வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். இயந்திரம் எழுதிய தமிழ்ச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக, எந்தப் பாஷையிலும் சேராத எழுத்துக்கள் அவற்றில் எத்தனையோ முறை வந்துவிடுகின்றன. நாளைக்கு இயந்திரம் எழுத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இது நன்றாயிருக்கிறது, இது நன்றாயில்லை என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் பழகுவது கையால் பத்துத் தடவை எழுதி, பத்துத் தடவை அழித்த பிறகுதான்.

சர்க்கார்களுக்கு இவையெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு 1978-இல் ஏற்பட்டபோதே தொழிற் பிரிவும் ஏற்பட்டது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரை 1990-க்குள்ளும், இருபத்தைந்து பேரை 1995-க்குள்ளும் தொழிற் பிரிவில் சேர்ப்பதென்று குறித்தது. குறித்ததோடு சரி, எட்டவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கொள்கை, கலை என்றும் விஞ்ஞானம் என்றும், படிப்பு என்றும் தொழில் என்றும் இறுகப் பிரித்து வைக்கலாகாது என்கிறது. பத்தொன்பது முதல் இருபத்துநாலு வயது வரையிலுள்ள உழைப்பாளிகளில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லையென்றும், ஜெர்மனியில் எழுபத்தைந்து பேர், தென் கொரியாவில் தொண்ணூற்றாறு பேர் என்றும் அதே கொள்கை கணக்குக் காட்டுகிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஒப்புக்கொள்ளாமல், 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்குத் தன் சொந்தக் கொள்கையை வெளியிட்டது. டில்லிக் கொள்கையா, சென்னைக் கொள்கையா என்பது பெரியவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. நமக்கு வேண்டியது, எந்தக் கொள்கையாயிருந்தாலும் அது வகுப்பறைக் கால அட்டவணைக்குள் வந்து சேருவதே.

ஏனென்றால், பட்டியலைப் பார்த்தால் குறைவில்லை. மத்திய போர்டின் மேல்நிலைத் திறன் பாடங்களில் வெகுஜனத் தொடர்பும் உண்டு, வடிவமைப்பும் உண்டு. தமிழ்நாட்டுத் தொழிற் பிரிவில் ஆடை வடிவமைப்பு, நர்சிங், விவசாயம், உணவு நிர்வாகம், மோட்டார் வேலை என்று பல உண்டு. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் தன்னிடம் உள்ள ஆசிரியருக்கும் அறைக்கும் ஏற்றபடி இரண்டு மூன்றைத்தான் நடத்துகிறது. போர்டின் பட்டியலில் உள்ளது நம் ஊர்ப் பள்ளியில் இல்லையென்றால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத கதைதான்.

ஆகவே, பாடங்களை விரிவாக்குவது என்றால் என்ன செய்ய வேண்டும்? நமக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, கலந்து எடுக்கும் சுதந்திரம். பௌதிகத்துடன் ஒலிப்பதிவு, வணிகவியலுடன் விளம்பரக் கலை, தமிழ் இலக்கியத்துடன் பத்திரிகைத் தொழில் என்று மாணவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையும் பட்டறைக்குள் வந்தால்தான் பட்டறைக்கு மதிப்பு ஏற்படும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கும் மதிப்பு ஏற்படும்.

இரண்டாவது, தொழில் தெரிந்த ஆசிரியர். அச்சுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கண்ணுக்கு வயதாகிவிட்ட காமிராக்காரர், நிருபர் வேலையிலிருந்து விலகியவர் இவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆசிரியப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் கௌரவமான சம்பளத்தில் வரவழைக்கலாம். பாடம் நடத்தும் முறையைப் பள்ளி ஆசிரியர் அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்; தொழிலை அவர் பள்ளி ஆசிரியருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, ஓர் அறை. கோடி ரூபாய் ஸ்டூடியோ வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைத் துணி, ஒரு நல்ல மைக், பழைய போர்வைகள் நாலு இருந்தால் ஆரம்பித்துவிடலாம். நம் வீட்டுப் பெண் மெத்தை அறையிலேயே ஆரம்பித்துவிட்டாள் அல்லவா?

நாலாவதே மிக முக்கியமானது: மேலே போகும் வழி. இந்தப் பாடத்தில் வாங்கிய மார்க்கும் கலாசாலைச் சேர்க்கைக்கு மற்றப் பாடத்து மார்க்கைப் போலவே கணக்கில் சேர வேண்டும். அது சேராவிட்டால், எவ்வளவு நல்ல ஆசிரியரும் அறையும் இருந்தாலும் தகப்பனார்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். அவர்களைக் குறைகூறவும் முடியாது.

இவற்றில் பெரும்பகுதி சர்க்காரும் சர்வகலாசாலைகளும் செய்ய வேண்டியவை. பெற்றோர்களாகிய நம்முடைய பங்கும் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் பெற்றோர் கேட்பதைத்தான் நடத்துகின்றன. முதல் குரூப்பில் இடம் கேட்டு வருஷந்தோறும் நூறு பேர் வரிசையில் நிற்கிறோம். அதனால் முதல் குரூப்புக்கு அறைக்குமேல் அறை கட்டப்படுகிறது. சித்திர வகுப்பு எங்கே என்று கேட்டு ஒருவரும் நிற்பதில்லை. அதனால் அந்த வகுப்பு கணிதத்துக்குக் கடனாகப் போகிறது.

அடுத்த மே மாதம் பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் நேயர்கள், கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை விசாரிக்கட்டும்: கையால் செய்து கற்கும் பாடங்கள் இங்கே எவை உண்டு? அவற்றைக் கற்பிப்பவர் அந்தத் தொழிலைச் செய்தவரா? எந்தக் குரூப் பிள்ளையும் அதில் உட்காரலாமா? முதல் வருஷம் தலைமை ஆசிரியர் ஆச்சரியப்படுவார். பத்துப் பேர் கேட்டால் குறித்துக்கொள்வார். ஐம்பது பேர் கேட்டால், அறைக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.